தாத்தாவின் துப்பாக்கியும் தகரப்பெட்டியில் ஒரு மனுவும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வன்கொடுமை வழக்கு தொடர்பாகத் தென்மாவட்டக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தோம். சேரியில் இரண்டு வீடுகள் எரிக்கப்பட்டிருந்தன. திருவிழாவில் டிரம்செட் அடித்தது தொடங்கி, பைக்கில் ஊர் வழியாகப் போனது வரை காரணங்கள் பல சொல்லப்பட்டன. காரணம் என்று ஒன்று எப்போதும் இருக்கத்தான் செய்யும். உண்மை அறியும் குழு என்றால் இரண்டு தரப்பையும் கேட்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆகவே ஊருக்குள் இருந்த பெரிய வீட்டுக்கும் போனோம்.

உட்காரச் சொன்னார்கள். எங்களுக்கு மோர் வந்தது பிளாஸ்டிக் கப்பில். வீட்டுக்காரருக்கு வந்தது எவர்சில்வர் டம்ளரில். எங்களில் யார் என்ன சாதி என்று தெரியாததால் எல்லோருக்குமே பிளாஸ்டிக் கப். அதைப் பற்றி எழுத இங்கே வரவில்லை. நடுக்கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறோம்.

எங்களில் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை கறாராகப் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். "எங்க தாத்தா வாங்குனது தம்பி. வெள்ளைக்காரக் கலெக்டர் கையெழுத்துப் போட்ட லைசென்சு. சுட்டு நாப்பது வருசம் ஆச்சு. ஆனா மாசம் ஒருக்கா எண்ணெய் போட்டுத் தொடச்சிருவேன்." கட்டையின் தேக்கு நிறத்தையும், பூட்டில் செதுக்கியிருந்த கொடியையும், தாத்தாவின் தோள் பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்த இடத்தையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பேரக்குழந்தையைக் காட்டுகிற மாதிரி. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் எங்களுக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

திரும்பிச் சேரிக்கு வந்து இதைச் சொன்னபோது, எரிந்த வீட்டின் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சொன்னார்: "அந்தத் துப்பாக்கி வெடிச்சு நாங்க பாத்ததில்ல. அவுக திண்ணையில உக்காந்து தொடைக்கிறதத்தான் பாத்திருக்கோம்."

ஒரே துப்பாக்கி. உள்ளே இருப்பவருக்குத் தாத்தாவின் நினைவு. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு எச்சரிக்கை. நாற்பது வருடம் வெடிக்காத ஒரு துப்பாக்கி, வெடிக்கவேண்டிய தேவையே இல்லாமல் நாற்பது வருடம் வேலை செய்திருக்கிறது. ஒரு மனிதர் தன் ஆயுதத்தை ஏன் இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறார் என்ற கேள்வி, அதை வைத்துக்கொள்ள யாருக்கு விட்டார்கள் என்ற கேள்வியில் போய்த்தான் முடியும் என்று அன்றைக்குத் தோன்றியது. அதன்பிறகு படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

குடகிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் ஆயுதத்தின் மேல் உள்ள பிரியத்தை இவ்வளவு வெளிப்படையாகக் கொண்டாடும் இடம் வேறு இல்லை. கொடவர்கள் இடுப்புத் துணியில் செருகும் பிச்செகத்தி, முதுகில் பித்தளைக் கொளுவியில் மாட்டும் அகன்ற ஒடிகத்தி, வீட்டுத் துப்பாக்கி இவையெல்லாம் வழிபாட்டுக்குரியவை. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கயில்போல்து பண்டிகையில் ஆயுதங்களைக் கழுவிப் பூசை செய்வார்கள். துப்பாக்கியில் செருகும் பூவுக்குப் பெயரே தோக்பூ, அதாவது துப்பாக்கிப்பூ. அது வேறொன்றுமில்லை, நம் செங்காந்தள்தான். ஆண்பிள்ளை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. சாவுக்கு இரண்டு வெடி. பிறப்புக்கும் இறப்புக்கும் துப்பாக்கியே சாட்சி.

ஒரு கொடவக் குடும்பத்துக்கு அதன் துப்பாக்கி ஏன் பொக்கிஷம் என்று கேட்டால் மரபு, வீரம், மூதாதையர் என்பார்கள். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அந்த மரபு உயிரோடு இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1834-ல் குடகைப் பிடித்த ஆங்கிலேயர், தங்களுக்கு விசுவாசமாக நின்றதற்குப் பரிசாக 1861-ல் கொடவர்களுக்கு ஆயுதக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளித்தார்கள். நாடு சுதந்திரம் பெற்றபிறகும் அந்த விலக்கு போகவில்லை. 'குடகு இனத்தவர்', 'ஜம்மா நிலம் வைத்திருப்போர்' ஆகிய இரு பிரிவினருக்கும் இன்றும் உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்த வழக்கில் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது.

அந்த இரண்டாவது பிரிவைக் கவனியுங்கள். ஜம்மா நிலம். படைச்சேவைக்குக் கைம்மாறாகப் பரம்பரையாகக் கிடைத்த நிலம். நிலமும் துப்பாக்கியும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. அதே குடகில் அந்த நிலத்தில் உழைத்த எரவர்களும் பொலயர்களும் பண்ணை அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் காப்பித் தோட்டங்களின் லைன் வீடுகளில் கிடக்கிறார்கள். அதே காடு, அதே யானை, அதே காட்டுப்பன்றி. ஆனால் விலக்கு அவர்களுக்கு இல்லை. கொடவர்கள் மேல் நமக்குத் தனிப்பட்ட பகை ஏதுமில்லை. அவர்கள் பண்டிகை அழகானது. அந்த அழகில் யாருக்கு இடம் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்கிறோம்.

1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் என்றால் நம் பாடப்புத்தகங்களில் ஒரே கதைதான் உண்டு. வைஸ்ராய் லிட்டன் இந்தியர்களின் ஆயுதங்களைப் பறித்தார், வெள்ளையருக்கு விலக்கு அளித்தார், இது தேசத்துக்கே அவமானம். காங்கிரசின் ஆரம்பகால மாநாடுகளிலேயே அந்தச் சட்டத்துக்கு எதிராகப் பேசினார்கள். பேசியது நியாயம்தான். ஆனால் விலக்குப் பட்டியலில் காலப்போக்கில் ஜமீன்தார்களும் பட்டம் பெற்ற கனவான்களும் இடம்பிடித்தார்கள். உரிமம் வாங்க முடிந்தவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான். பெரியவரின் தாத்தா வாங்கிய துப்பாக்கிக்குக் கலெக்டர் கையெழுத்துப் போட்டது அந்தக் காலத்தில்.

நம் ஆட்களுக்கு 1878 ஒரு புதிய செய்தியே அல்ல. அதற்கு முன்பே பறிக்கப்பட்டாயிற்று. சண்டாளர்கள் இரும்பை நகையாக அணியலாம் என்று மனுஸ்மிருதி சொல்கிறது. தர்மத்துக்கு ஆபத்து வந்தால் இருபிறப்பாளர் ஆயுதம் எடுக்கலாம் என்றும் அதே நூல் சொல்கிறது. நகையாகப் போட்டுக்கொள்ளத் தகுதியான இரும்பு, வாளாகும்போது மட்டும் கைமாறிவிடுகிறது. 1936-ல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுப்பும் கேள்விகளில் இதுவும் ஒன்று. இத்தனை கொடுமைக்கும் இந்த நாட்டில் ஏன் பெரிய சமூகப் புரட்சி நடக்கவில்லை? கல்வியும் மறுக்கப்பட்டு ஆயுதமும் மறுக்கப்பட்டவர்களால் எதைக் கொண்டு எழ முடியும் என்பது அவரது பதிலின் சாரம். கல்வி பற்றிய பாதியை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஆயுதம் பற்றிய பாதியை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவர் அதை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்ல. அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். பம்பாய்ப் படையில் மகர்கள் கணிசமாக இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையிலும் அவர்கள் இருந்தார்கள். அங்கிருக்கும் தூணில் 'நாக்' என்று முடியும் பெயர்களை இன்றும் பார்க்கலாம். பிறகு 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கோட்பாடு வந்தது. 1890-களில் மகர்களைச் சேர்ப்பது நின்றுபோனது. பறையர்களை நிறையச் சேர்த்திருந்த சென்னைப் படையும் சுருக்கப்பட்டது. அதில் சாப்பர்ஸ் பிரிவில் மட்டும் நம் ஆட்களின் தொடர்ச்சி ஓரளவு தப்பியது. ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர் முதல் சிவராம் ஜான்பா காம்ப்ளே வரை மனு மேல் மனு போட்டார்கள். வேலை போனதற்காக மட்டும் போட்ட மனுக்கள் அல்ல அவை. தலைமுறைகளாகத் துடைப்பமும் சட்டியும் சுமக்க வைக்கப்பட்டவனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சீருடை மாட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்த ஒரே இடம் அது. மகர் ரெஜிமெண்ட் 1941-ல்தான் வந்தது. அந்த வெற்றிக்கு அரை நூற்றாண்டு ஆனது.

வாளைப் பறித்த மரபு இருந்த இதே நாட்டில்தான் வாளைக் கையில் கொடுத்த மரபும் இருந்தது. 1699-ல் குரு கோவிந்த் சிங் கால்சாவைத் தொடங்கியபோது முதலில் தலை கொடுக்க எழுந்த ஐவரில் நாவிதர் ஒருவர், தண்ணீர் சுமப்பவர் ஒருவர். அதற்கு முன் 1675-ல் டில்லியில் வெட்டப்பட்ட குரு தேக் பகதூரின் தலையை உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்து சேர்த்த பாய் ஜைதா, துப்புரவுத் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். கிர்பான் என்னும் அந்தக் கத்தியை ஒரு மஜபி சீக்கியர் இடுப்பில் கட்டும்போது அதன் பொருள் ஒரு ஜாட் நிலக்கிழார் கட்டுவதைவிடக் கனமானது என்று நாங்கள் நினைக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது உறுப்பு கிர்பானைச் சமய உரிமையாகவே ஏற்கிறது. கத்தி ஒன்றாகிவிட்டது என்பதற்காகச் சாதி போய்விட்டதா என்றால், பஞ்சாப் கிராமங்களில் தலித்துகளுக்குத் தனிக் குருத்வாராக்கள் இருக்கின்றன. சுடுகாடும் பல இடங்களில் தனிதான்.

நம் பக்கம் வருவோம். வளரி என்றால் இன்றைய இளைஞர்களுக்கு வாட்சப் பெருமை. தர்ஸ்டன் காலத்தில் கள்ளர் திருமணங்களில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளரியை மாற்றிக்கொண்ட வழக்கம் பதிவாகியிருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் அதே சின்ன மருதுவைப் பிடித்துத் தூக்கிலிட்ட படையில் அவரும் இருந்தார். 1801-க்குப் பிறகு பாளையத்து மக்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வளரி போய் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துகொண்டது. அரிவாள் மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது விவசாயக் கருவி. லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி அடிக்கும் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு நாடெங்கும் பெயர். கருப்பசாமிக்கு ஆளுயர அரிவாள் நேர்ந்துகொள்கிறார்கள். சினிமாக்காரர்கள் அதை எந்தச் சாதியின் கையில் கொடுத்து எத்தனை படம் எடுத்தார்கள் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1997 ஜூன் 30 அன்று மேலவளவில், ஊராட்சித் தலைவரான முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டியது இந்த அரிவாள்தான். சினிமாப் பாட்டில் வீரமாக இருப்பது வழக்குக் கட்டில் சான்றுப்பொருளாக இருக்கிறது.

சட்டத்தின் கண்ணில் அரிவாள் எது? ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதம். ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டதென்றால் ஆயுதம் இல்லை. ஆக ஒரு அரிவாள் கருவியா ஆயுதமா என்பது இரும்பில் இல்லை, வைத்திருப்பவனைப் பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. தோப்புக்காரர் வண்டியில் கிடந்தால் தேங்காய் வெட்டுவதற்கு. சேரிப் பையன் வண்டியில் கிடந்தால் முதல் தகவல் அறிக்கையில் 'பயங்கர ஆயுதங்களுடன்' என்று வரும். வழக்குகளோடு அலைந்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம்.

நம் ஆட்களுக்கும் பிரியமான கத்திகள் உண்டு. தோல் அறுக்கும் கத்தியை மகனிடம்கூடக் கொடுக்காத செருப்புத் தைக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். தன் கைக்குப் பழகிய கருக்கரிவாளைத்தான் நடவு, அறுவடை என்று ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவார்கள் பெண்கள். வேறொருவர் அரிவாளைக் கொடுத்தால் கை ஓடாது என்பார்கள். இவற்றை யாரும் சுவரில் மாட்டிக் காட்டுவதில்லை. கூரைச் செத்தையில் செருகி வைத்திருப்பார்கள். வெண்மணியில் அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களின் கையில் இருந்தது இந்த அரிவாள்தான். 1968 டிசம்பர் 25 இரவு மிராசுதார் தரப்பு வந்தது துப்பாக்கியோடு. ராமையாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரிந்துபோனார்கள். இவ்வளவு நிலபுலன் உள்ள கனவான்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்றது உயர் நீதிமன்றம். துப்பாக்கிக்கு உரிமம் வாங்கிக் கொடுக்கும் அதே சொத்து, குற்றத்திலிருந்து விடுதலையும் வாங்கிக் கொடுக்கிறது.

அதனால்தான் ஒண்டிவீரன் சிலையின் கையில் வாள் இருக்கவேண்டும் என்பதில் அருந்ததியர்களுக்கு அவ்வளவு பிடிவாதம். மதுரைவீரன் கையில் வாளும் முறுக்கு மீசையும் இருப்பதும் அப்படித்தான். மாறுகால் மாறுகை வாங்கிக் கொல்லப்பட்டவன் சாமியானபோது வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். சிலைகளால் என்ன ஆகப்போகிறது என்று எங்கள் தோழர்களே சிலர் கேட்பதுண்டு. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளத் தாத்தாவின் துப்பாக்கி இல்லாதவர்கள் எதை மாட்டிக்கொள்வார்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம்.

ஆயுதம் பறிக்கப்பட்டவர்கள் அதைத் திரும்பப் பெற்றபோது எப்படி நேசித்தார்கள் என்பதற்கு மிகச் சரியான வரலாறு கறுப்பின அமெரிக்கர்களுடையது. 1946-ல் அம்பேத்கர் டுபாய்ஸுக்கே கடிதம் எழுதி, அவர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகல்களைக் கேட்டவர். ஆகவே நமக்கு இது அந்நியக் கதை இல்லை.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்ததும், ராணுவத்திலிருந்து விடுபடும் வீரர்கள் விரும்பினால் தங்கள் துப்பாக்கியை 6 டாலர் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று போர்த்துறை ஆணையிட்டது. நேற்றுவரை அடிமையாக இருந்த சிப்பாய்கள் கூலிப்பணத்தில் அந்த 6 டாலரைக் கட்டினார்கள். விடுதலைப் பத்திரம் போல அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோய் வீட்டில் வைத்தார்கள். அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விடுதலையான கறுப்பர் உரிமமில்லாமல் துப்பாக்கி, தோட்டா, குத்துவாள், போவி கத்தி எதுவும் வைத்திருக்கக் கூடாது. கத்தியைக்கூட விடவில்லை பாருங்கள். சட்டத்தால் முடியாத இடங்களில் கு க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் இரவில் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கினார்கள்.

1892-ல் மெம்பிஸ் நகரில் மளிகைக்கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவர் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் தாமஸ் மோஸ், பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் நெருங்கிய நண்பர். வெல்ஸ் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். ஒவ்வொரு கறுப்பினக் குடும்பத்திலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் இருக்கவேண்டும் என்று அதே ஆண்டு எழுதினார். அது கௌரவத்துக்காகச் சுவரில் மாட்டும் இடம் அல்ல. சட்டம் தர மறுக்கும் பாதுகாப்பை அதுவாவது தரட்டும் என்பதற்கான இடம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த மளிகைக்கடைக்காரர்கள் கொல்லப்படும் முன் கடையைக் காக்கத் துப்பாக்கி எடுத்தவர்கள்தான். அந்த இரவு கடை தப்பியது. அதற்காகவே சிறைக்குப் போனார்கள். சிறையிலிருந்துதான் அவர்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த ஒரு தாய், துணி மூடிய வாளிக்குள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வயலுக்குப் போவார். தன் பிள்ளைகளை மேஸ்திரி அடித்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் தாயின் கடைசி மகள்தான் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர். அவர் தன் படுக்கையறையின் மூலைகளில் துப்பாக்கி சாத்தி வைத்திருந்ததை வெளிப்படையாகவே சொன்னவர். காந்தியின் வழி வந்தவராக நாம் அறிந்த மார்ட்டின் லூதர் கிங்கே 1956-ல் வீட்டில் குண்டு வெடித்தபிறகு துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். பிறகு அவர் துப்பாக்கியை முற்றிலும் ஒதுக்கினார் என்பதும் உண்மை. 1964-ல் லூசியானாவில் தோன்றிய 'தற்காப்பு டீக்கன்கள்' அமைப்பினர், அகிம்சைப் போராளிகள் தூங்கும்போது வாசலில் துப்பாக்கியோடு விழித்திருந்தார்கள். அகிம்சைக்கும் ஒரு காவலாளி தேவைப்பட்டான்.

1941-ல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவர் எழுதிய குறிப்பு எங்களுக்கு மிகவும் பிடிக்கும். கறுப்பினத் தொழிலாளர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கத்தான் 1893-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் போடப்பட்டது, வெள்ளையர் மேல் பிரயோகிக்க அல்ல என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டார். நம் ஊர் அதிகாரிகளிடம் இந்த நேர்மை கிடையாது.

ஏனென்றால் நம் சட்டத்தின் எழுத்து மிக நல்ல எழுத்து. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-ல் வந்த விதிகளில் 3-ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அடையாளம் காணவேண்டும். தேவையென்றால் அங்குள்ள தலித் அல்லாதாரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். சட்டவிரோத ஆயுதங்களைக் கைப்பற்றவேண்டும். அடுத்ததாக, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவையென்றால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கவேண்டும். ஆமாம், விதியில் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லும்போது பின் வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள்.

அந்தக் கிராமத்தில் வீடு எரிந்த அண்ணன் அப்படி எழுந்து உட்கார்ந்தவர்தான். சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். "சட்டத்துல எங்களுக்குத் துப்பாக்கி குடுக்கலாம்னு இருக்குன்னு சொன்னீங்களே, எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க சார்" என்றார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தோம். இல்லை. இரண்டு பிள்ளைகள், தீப்பிடித்த இரவில் கரும்புக் காட்டுக்குள் படுத்துக் கிடந்தவர்கள். எழுதினோம். பெரிய வீட்டு உரிமத்தை ரத்து செய்யவேண்டும் என்று ஒரு மனு, இவருக்கு உரிமம் வேண்டும் என்று இன்னொரு மனு.

அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் இரண்டு முறை படித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "துப்பாக்கிய வாங்கி எதுல மாட்டுவ? உனக்குச் சுவரே இல்லையேப்பா."

போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. அதை எடுத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். ஆனால் அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. பயிர் வேண்டுமென்றால் நிலம் வேண்டுமே. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி 70 வயதானால், அல்லது 25 ஆண்டு வைத்திருந்தால், உரிமத்தை வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கலாம். பட்டா மாற்றுவது போல. முதலில் தாத்தாவிடம் துப்பாக்கி இருந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். பெரிய வீட்டுத் துப்பாக்கி மகனுக்குப் போய், மகனிடமிருந்து பேரனுக்குப் போகும். எல்லாம் சட்டப்படி.

எட்டு மாதம் கழித்து இரண்டு மனுக்களுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. 'தேவை எழவில்லை.' தேர்தல் வந்தபோது மட்டும், வழக்கமான நடைமுறைப்படி, பெரிய வீட்டுத் துப்பாக்கி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. முடிவு வந்த அடுத்த வாரம் திரும்பி வந்தது. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து துடைத்தாராம்.

எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறோம். சேரிக்குள் துப்பாக்கி வந்தால் முதலில் சாவது சேரிக்காரன்தான் என்கிறார் எங்கள் குழுவின் மூத்த தோழர். மெம்பிஸ் மளிகைக்கடையை வைத்து அவர் சொல்வதை மறுக்கமுடியாது. வீட்டுக்குள் துப்பாக்கி இருந்தால் குடித்துவிட்டு வரும் கணவனின் கையில் அது என்ன ஆகும் என்று கேட்கிறார்கள் பெண் தோழர்கள். அதையும் மறுக்கமுடியாது. பெரிய வீட்டுத் துப்பாக்கியை எடுத்தாலே போதும், நமக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம். ஆனால் முதல் மனுவும்தானே தள்ளுபடியானது என்கிறோம் நாங்கள் சிலர்.

போன மாதம் வாய்தாவுக்குப் போகும் வழியில் அண்ணன் வீட்டில் இறங்கினோம். அரசு கொடுத்த பணத்தில் பாதிச்சுவர் எழும்பியிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்தார். உள்ளே மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு, 'தேவை எழவில்லை' என்ற பதில் மூன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தன. உறையின் மேல் படிந்திருந்த சிமெண்ட் தூசியைத் துண்டால் துடைத்துவிட்டுக் கொடுத்தார். "சார், இப்பச் சுவரு இருக்கு. இன்னொரு தடவ எழுதுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். மூத்த தோழரும் கையெழுத்துப் போட்டார்.